ஸ்டவுட்டில் நாவல்பழம்: செம்பூரிலிருந்து ஒரு நாள், ஆறு சுற்று

இந்த வலைப்பதிவில் நான் எழுதி இரண்டு வருடம் ஆகப்போகிறது. கடைசியாக எழுதியது அலிபாக் படகுப் பயணம். அதன் கீழே ஒரு வாசகர், மும்பையில் பழம் சேர்த்த பீர்கள் வருகின்றனவே, அவற்றில் இருப்பது பழமா எசென்ஸா, போய்ப் பார்த்து எழுதுங்களேன் என்று கேட்டிருந்தார். அந்தப் பின்னூட்டம் அப்படியே கிடந்தது. இந்த ஜூன் கடைசி சனிக்கிழமை, மழை பிடித்துப் பத்து நாள் ஆன பிறகு, போனேன்.

போகும் வழி, நேரம், செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். நாவல்பழ ஸ்டவுட் எப்படி இருக்கும், மாம்பழம் பீரில் ஏன் ஏமாற்றும் என்பதெல்லாமும் வரும். ஸ்டவுட் என்பது தீயும் அளவுக்கு வறுத்த பார்லியில் காய்ச்சும் கறுப்பு பீர், சர்க்கரை போடாத டிகாக்ஷன் மாதிரி கசக்கும். ஆனால் நான் போன காரணம் வாசகரின் கேள்வி இல்லை. அதைச் சொல்லாமல் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

எனக்கு வாசனை தெரியாது. பிறவியில் அப்படி இல்லை. மணமூட்டிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் சுவை பார்க்கும் வேலையில் இருந்தேன். பிஸ்கட்டுக்குப் போகும் ஆரஞ்சு, சிரப்புக்குப் போகும் ஸ்ட்ராபெரி, எல்லாம் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். மகள் அனகாவுக்கு ஐந்து மாதம் ஆனபோது எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் காய்ச்சல் போனது, வாசனையும் கூடவே போனது. வரும், பொறுங்கள் என்றார் டாக்டர். இப்போது அனகாவுக்குப் பதினான்கு மாதம். நிறுவனத்தில் என்னை லேபிள் எழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டிலிருந்தே செய்கிறேன்.

மார்ச்சில் ஒரு மாலை. அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு, சமையலறையிலேயே கீழே உட்கார்ந்து அனகாவுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் காற்றில் அடுப்பு அணைந்திருக்கிறது. காஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. கோயிலுக்குப் போயிருந்த என் மாமியார் கதவைத் திறந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனார். மாடிப்படியில் நின்று அவர் கத்திய பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். எவ்வளவு நேரம் அந்தக் காற்றில் இருந்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அலாரம் வாங்கலாமே என்பீர்கள். மறுநாளே வாங்கி மாட்டியாயிற்று. அது காஸுக்கு மட்டும். பால் கெட்டிருக்கிறதா, இஸ்திரி போட்ட துணி தீய்கிறதா, குழந்தை கொசு மருந்தை வாயில் வைத்தாளா என்று பார்க்க மற்ற அம்மாக்கள் எந்தக் கருவியையும் வாங்குவதில்லை.

கல்யாணில் இருக்கும் நாத்தனாருக்கு ஜூலை முதல் வாரம் பிரசவம். மாமியார் போயாக வேண்டும், மூன்று மாதம் அங்கேதான். கணவர் ஹரிக்கு டிராம்பேயில் ஷிஃப்ட் வேலை. ஆக, பகல் முழுவதும் வீட்டில் நானும் அனகாவும் மட்டும். மே மாதத்திலிருந்து எனக்கு ஏதோ கொஞ்சம் தெரிகிற மாதிரி இருந்தது. காலையில் காப்பி, குளிக்கும்போது சோப்பு. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே எதையோ நீட்டியபோது, கிராம்பு என்று சரியாகச் சொன்னேன். மூக்கு திரும்பி வருகிறது என்று சொன்னேன். மாமியார் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

“நன்னா தெரியறதுன்னா நான் நிம்மதியா கெளம்புவேன். இல்லேன்னா குழந்தைக்கு வேற வழி பாக்கணும். நிச்சயமா சொல்லு” என்றார்.

நிச்சயமாகச் சொல்லத்தான் இந்தப் பயணம்.

“அதுக்குக் காப்பிப்பொடியை மோந்து பாத்தா போறாதா? கள்ளுக்கடைக்குப் போகணுமா?”

டப்பாவைத் திறக்கும்போதே அது காப்பிப்பொடி என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது, தெரிந்த பிறகு மூளையே வாசனையை எடுத்துக் கொடுத்துவிடும் என்று அவருக்கு விளக்கினேன். கண்ணுக்குத் தெரியாமல் சோதிக்க வேண்டும். பழரசத்தில் சோதித்தால் இனிப்பையும் புளிப்பையும் வைத்து நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். பீரில் அந்த வசதி இல்லை. ஈஸ்ட் பழத்தின் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். மிச்சமிருப்பதை ஸ்டவுட்டின் வறுத்த கசப்பு மூடிவிடும். அதற்குள் பழம் இருப்பது ஒருவருக்குத் தெரிகிறது என்றால் மூக்கு வேலை செய்கிறது என்று பொருள். ஆறு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவள் போட்ட கணக்கு இது. எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

“சரி. பக்கத்தாத்து மாமி கேட்டா பழ ஆராய்ச்சிக்குப் போயிருக்கான்னு சொல்றேன். பொய் இல்லையே?”

“பொய் இல்லைம்மா.”

“ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது. குழந்தை ராத்திரி பால் குடிக்கறது.”

துப்பிவிடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டிலிருந்து செம்பூர் நிலையத்துக்கு ஆட்டோ 26 ரூபாய். 8:52-க்கு ஹார்பர் லைன் வண்டி, குர்லாவுக்கு ஆறு நிமிடம். குர்லாவில் பாலம் ஏறி இறங்கி சென்ட்ரல் லைனின் ஸ்லோ வண்டி, அடுத்த நிலையம் சயான். மழை நாளில் குர்லா பாலத்தில் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்றாலும் கூட்டம்தான். பெண்கள் பெட்டியில் நனைந்த குடைகளுக்கு நடுவில் நின்றேன். ஒரு பெண் மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். உடனே இன்னொருத்தியும் மூடிக்கொண்டாள். என்ன வாசனை என்று தெரியாமல் நானும் மூடிக்கொண்டேன். ஒன்பது மாதமாக இப்படித்தான். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நான் ஊரை முகர்கிறேன்.

சயானில் மேற்கு வாசலில் இறங்கி தாராவி தொண்ணூறு அடி சாலைக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். பயணக் கட்டுரைக்காரர்கள் தாராவியை எழுதும் விதத்தில் எனக்குப் பிடிப்பு கிடையாது, அதனால் போன வேலையை மட்டும் சொல்கிறேன். நான் போகவிருந்த பீர்க்கூடத்துக்கு, அங்கே பீர் காய்ச்சும் என் நண்பன் வெங்கட்டுக்கு, பழக்கூழ் இங்கேதான் தயாராகிறது. புஷ்பம் அக்கா என்று ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தன் வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று பெண்களோடு செய்கிறார். என் பரீட்சையில் பழம் நிஜப் பழம்தானா என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

“மழையில நனைஞ்சிட்டீயளா? செருப்பைக் கழத்திட்டு உள்ள வாங்க. காலைக் கழுவிக்கோங்க, வேலை செய்யுத இடம்” என்றார்.

தரை ஈரமாக, சுத்தமாக இருந்தது. மூன்று பெரிய ஃப்ரீசர்கள். பெண்கள் மூவரும் நாவல்பழத்தை உப்புத் தண்ணீரில் அலசி, ஸ்டீல் சல்லடையில் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சதை கீழே இறங்குகிறது, கொட்டை மேலே நிற்கிறது. மிக்ஸியில் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்றேன்.

“கொட்டை உடைஞ்சிதுன்னா கசந்துபோவும். அப்புறம் உங்க வெங்கட் தம்பி போனைப் போட்டு, அக்கா மால் கராப், சரக்கு கெட்டுப்போச்சுன்னு ஒரு பாட்டம் அழுவாரு.” ஒதுக்கிய கொட்டைகள் காய்ந்த பிறகு சர்க்கரை வியாதி மருந்துப் பொடிக்குப் போகின்றன. கூழை அடுப்பில் வைத்து, கொதி வராமல் சூடாக்கி, ஆறவைத்து, ஐந்து கிலோ பைகளில் கட்டி ஃப்ரீசரில் வைக்கிறார்கள். சூடாக்காவிட்டால் பழத்தோடு ஒட்டியிருக்கும் நுண்ணுயிர் பீரைக் கெடுத்துவிடும். நாவல், கொங்கணத்துப் புளிப்புப் பழமான கோக்கம், கொய்யா, மாம்பழம், அன்னாசி என்று ஐந்து பழமும் அந்தந்தப் பருவத்தில் இங்கே கூழாகின்றன.

“நீங்க அந்த பீரைக் குடிச்சுப் பார்த்திருக்கீங்களா அக்கா?”

“எங்க வீட்டுக்காரரு குடிச்சாரு. இந்தக் கசாயத்துக்குப் பழத்தை சும்மாவே தின்னிருக்கலாம்னுட்டு டம்ளரை வச்சிட்டாரு.” சல்லடையில் இருந்த பெண் சிரித்தாள். “நீ என்னட்டி சிரிக்க? ஒம் மாப்பிள்ள கிடைச்சா டம்ளரையும் சேத்துல்லா முழுங்குவான்.”

ஒரு கிண்ணத்தில் நாலு பழம் கொடுத்தார். நான் பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனேன்.

“நாவப்பழத்தை ஏன் மோந்து பாக்கிய? அதுல என்ன மணம் இருக்கு? நாக்குல வச்சாத்தான் அது நாவப்பழம்னு தெரியும்.”

அந்த வார்த்தையை அப்போது நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பதிவுக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தொண்ணூறு அடி சாலையிலிருந்து சயானுக்கு ஆட்டோ 26 ரூபாய். ஆட்டோ சயானோடு சரி. அதற்குத் தெற்கே மும்பையில் டாக்ஸி மட்டும்தான், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். நான் சயானில் ரயில் ஏறி அடுத்த நிலையமான மாட்டுங்காவில் இறங்கினேன். 11:20. கிழக்கே பத்து நிமிட நடையில் மார்க்கெட். பூக்கடை, வாழையிலைக் கட்டு, காப்பி அரைக்கும் கடை என்று வரிசையாக இருக்கும். பழ பீர் குடிக்கப் போகிறவர்கள் முதலில் இங்கே வந்து அந்தப் பழங்களை வெறுமனே தின்றுவிட்டுப் போங்கள். எசென்ஸ் கலந்த மிட்டாய் தின்றே வளர்ந்தவர்கள் நாம். கொய்யா என்றால் நம் நினைவில் வருவது கொய்யாவா, கொய்யா ஜூஸா என்று நமக்கே தெரியாது. கால் கிலோ நாவல்பழம் 80 ரூபாய், இரண்டு கொய்யா 40.

மாம்பழம் விற்றவர் உத்தரப் பிரதேசத்துக்காரர், மாட்டுங்காவில் இருந்து இருந்து தமிழ் பேசுகிறார். அல்போன்சா முடிந்துவிட்டது, தசேரிதான் இருந்தது. நான் காம்பருகே அழுத்திப் பார்த்தேன்.

“கை வெக்காதே மேடம். மூக்கு வெய்.”

வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஏதோ வந்தது போலிருந்தது. மிக லேசாக, பக்கத்து அறையில் யாரோ பேசுவது மாதிரி. பழத்தைப் பார்த்த பிறகு வரும் வாசனையை நம்பக்கூடாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் மனது கேட்கவில்லை. இரண்டு பழம் 90 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். அனகாவுக்கு.

மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து லோயர் பரேல் ஐந்தரை கிலோமீட்டர். டாக்ஸி 115 ரூபாய், மழை நெரிசலில் நாற்பது நிமிடம். டிரைவர் எதற்கு அந்தப் பக்கம் என்று கேட்டார். ஆபீஸ் என்றேன். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பழைய மில் வளாகம், உயரமான கூரை, கண்ணாடிக்குப் பின்னால் செம்பு நிறக் கொப்பரைகள். ஆறு சின்னக் கிளாஸ் கொண்ட தட்டு, வரியோடு 780 ரூபாய். பகலில் போனால் உட்கார இடம் கிடைக்கும். வயதுச் சான்று கேட்பார்கள், எடுத்துப் போங்கள்.

பீர் காய்ச்சுகிறவன் வெங்கட். என்னோடு கல்லூரியில் படித்தவன், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. என் பதிவுகளை அவன் அம்மா படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொள்வான். இந்த மழைக்காலத்துக்கு எந்தப் பழத்தில் ஸ்டவுட் போடலாம் என்று பார்க்க ஐந்து பழத்திலும் சின்னச் சின்னப் பீப்பாயாகப் போட்டு வைத்திருந்தான். ஒப்பிட்டுப் பார்க்க எசென்ஸ் மட்டும் ஊற்றிய ஆறாவது ஒன்றும் இருந்தது. என் நிலைமை அவனுக்குத் தெரியும்.

சோதனை முறை எங்கள் தொழிலில் வழக்கமானதுதான். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று டம்ளர். இரண்டில் வெறும் ஸ்டவுட், ஒன்றில் மட்டும் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அதில் என்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அவன் பாட்டி காலத்து ஸ்டீல் டம்ளர்கள் பதினெட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தான், நிறம் தெரியாமலிருக்க. போதாதென்று நான் துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டேன். துப்புவதற்கு ஒரு பாத்திரம்.

“யாராவது பாத்தா என்னை போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பா. ஒரு பொம்மனாட்டியைக் கண்ணைக் கட்டி உக்கார வெச்சு பீர் ஊத்தறேன்” என்றான். “ச்சல், முதல் சுத்து.”

வாயில் வைத்தேன், உருட்டினேன், துப்பினேன். மூன்றாவது டம்ளர்தான் வேறு, நாவல்பழம் என்றேன். பென்சில் உரசும் சத்தம் கேட்டது. இரண்டாவது சுற்று கோக்கம். மூன்றாவது கொய்யா. நான்காவதில் கொஞ்சம் தடுமாறி அன்னாசி என்றேன். ஐந்தாவது மாம்பழம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீரும் பொரியும். ஆறாவதில் மூன்று டம்ளரையும் மூன்று தடவை சுற்றி வந்தேன். முதல் டம்ளர், ஆனால் அதில் பழம் இல்லை, எசென்ஸ்தான் என்றேன்.

“ஆறுக்கு ஆறு” என்றான் வெங்கட். “தேக், பாரு, என் ஸ்டாஃப்லயே யாரும் ஆறு எடுத்ததில்லை.”

கட்டை அவிழ்த்தபோது கண் நனைந்திருந்தது. உடனே வீட்டுக்குப் போன் செய்தேன்.

“அம்மா, ஆறுக்கு ஆறு. எல்லாம் சரியா சொல்லிட்டேன்.”

 “பகவானே. சரி, நான் பெட்டியை எடுத்து வெக்கறேன்” என்றார். ஹரிக்கும் செய்தி அனுப்பினேன்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் பயணக் கட்டுரைக்காரியாக இருந்தேன். கடலையைக் கொறித்துக்கொண்டு குறிப்பெடுத்தேன். வெங்கட் சொன்னதும் எனக்கு முன்பே தெரிந்ததும் சேர்த்து இங்கே தருகிறேன். நாவல்பழம் ஸ்டவுட்டில் பொருந்துவதற்குக் காரணம் அதன் துவர்ப்பு. வறுத்த கசப்புக்குப் பக்கத்தில் அது தயங்காமல் உட்கார்ந்துகொள்கிறது. கோக்கம் அதைவிடத் துணிச்சல், ஆனால் ஒரு கிளாஸுக்கு மேல் போகாது. மாம்பழம்தான் ஏமாற்றம். அதன் பெருமையில் பாதி இனிப்பு. இனிப்பை ஈஸ்ட் தின்ற பிறகு மாம்பழம், மேடையில் வேஷம் கலைத்த நடிகர் மாதிரி, யாரென்று தெரியாமல் நிற்கிறது. கொய்யா கறுப்பு பீரில் வீண், வெளிர் கோதுமை பீரில் நன்றாக வரும். நிஜப் பழம் போட்ட பீர் எதுவும் வாசலிலேயே வந்து வரவேற்காது, கடைசி மடக்கில்தான் முகம் காட்டும். எசென்ஸ் போட்டது டம்ளரைத் தூக்கும்போதே கூப்பிடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெங்கட் கேட்டான்.

“ஆனா ஒண்ணு நேக்குப் புரியலை. எசென்ஸுக்கு ஏன் அத்தனை நேரம் எடுத்துண்டே? அதுக்குக் குடிக்கவே வேண்டாமே. நான் பீப்பாயைத் திறந்தப்போவே கூடம் பூரா ஸ்ட்ராபெரி. நீ என்னடான்னா மூணு தரம் கொப்பளிக்கறே.”

நான் சிரித்தேன். சரியாகச் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான் என்றேன். அவன் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் அவன் என்ன பேசினான் என்று எனக்கு நினைவில்லை.

ஸ்ட்ராபெரி. நான் எசென்ஸ் என்று சொன்னேன். என்ன எசென்ஸ் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியவும் இல்லை.

“வெங்கட், அந்த எசென்ஸை இன்னொரு டம்ளர் ஊத்து. வெறும் ஸ்டவுட் ஒண்ணு. நாவல்பழமும்.”

“போறும்மா, பாஸ் ஆயாச்சு.”

“ஊத்து.”

இந்த முறை மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சுவை பார்க்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம் இது. மூக்கை மூடினால் போய்விடுவது மணம், மிஞ்சுவது சுவை. காலையிலிருந்து அது எனக்குத் தோன்றவே இல்லை. நாவல்பழ ஸ்டவுட்டை வாயில் வைத்தேன். நாக்கின் ஓரம் இழுத்துப் பிடித்தது, ஈறு காய்ந்தது. விரலை எடுத்தேன். எதுவும் கூடவில்லை. மறுபடி மூடினேன். எதுவும் குறையவில்லை. எசென்ஸ் டம்ளரும் அப்படியே. மூடினாலும் திறந்தாலும் வறுத்த கசப்பு மட்டும்.

ஆறையும் நாக்குதான் எழுதியிருக்கிறது. நாவலின் துவர்ப்பு, கோக்கத்தில் தாடை இறுகும் புளிப்பு, கொய்யாவின் நறநறப்பு, அன்னாசியில் பல் கூச்சம், மாம்பழக் கூழின் தடிப்பு. ஆறாவதில் நாக்குக்கு எதுவுமே அகப்படவில்லை. எதுவும் அகப்படாததால்தான் எசென்ஸ் என்றேன். முதல் டம்ளர் என்றது வெறும் குருட்டு அதிர்ஷ்டம். சர்க்கரையும் போய், கசப்பும் மூடிவிட்டால் நாக்கால் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் போட்ட கணக்கு தப்பு. ஆறு வருடம் பழகிய நாக்கு அது. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே நீட்டியபோது நான் கிராம்பு என்று சரியாகச் சொன்னேனே, அதுவும் உள்ளே ஏறிய காரம்தான்.

வெங்கட்டுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் டம்ளர்களை அடுக்கினான். “உன் மாமியார்கிட்ட சொல்லணும்னு இல்லையே” என்றான் மெதுவாக. “இன்னும் ரெண்டு மாசத்துல வந்துடலாம். யாருக்குத் தெரியும்?”

பீர்க்கூடத்திலிருந்து கர்ரி ரோடு நிலையம் நடக்கும் தூரம். 3:35 ஸ்லோ வண்டியில் குர்லா, அங்கிருந்து ஹார்பரில் செம்பூர். உட்கார இடம் கிடைத்தது. மடியில் மாம்பழப் பை. யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆறுக்கு ஆறு என்று எழுதிய தாளை வெங்கட் ஏற்கெனவே கொப்பரை அறைச் சுவரில் ஒட்டிவிட்டான். நாத்தனாருக்கும் செய்தி போயிருக்கும். நான் வாயைத் திறக்காவிட்டால் திங்கட்கிழமை மாமியார் கிளம்பிவிடுவார், என் மகள் என்னோடு இருப்பாள். அலாரம் இருக்கிறது. பாலை நாக்கில் வைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் நாக்கில் வைத்துப் பார்க்கலாம். சயான் தாண்டும்வரை இப்படியே ஒவ்வொன்றாகச் சமாளித்துக்கொண்டு வந்தேன். அப்புறம், நாக்கில் வைக்க முடியாதவற்றை எண்ண ஆரம்பித்தேன். குர்லா வந்தும் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தட்டினார்.

வீட்டில் அனகா தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் கூடத்தில் பழைய வேஷ்டிகளைக் கிழித்து, பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு அணைதுணி மடித்துக்கொண்டிருந்தார். பெட்டி பாதி நிரம்பியிருந்தது.

“வாயைக் கொப்பளிச்சியா?”

“ஆச்சும்மா.” எதிரே உட்கார்ந்தேன். “மூக்கு இல்லைம்மா. நாக்கு. எல்லாத்தையும் நாக்காலதான் சொல்லியிருக்கேன். அப்புறம் மூக்கைப் பிடிச்சுண்டு பாத்தேன். ஒரு வித்யாசமும் இல்லை.”

“ஆறுக்கு ஆறுன்னியே.”

“நாக்கால ஆறு.”

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு துணி மடித்தார், மூன்றாவதை மடித்தார்.

“நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். நேக்கு எப்படித் தெரியப்போறது” என்றார். என்னைக் குத்துவதற்காகச் சொன்னதில்லை அது. எனக்காக ஒரு வழி இருந்ததே என்று யோசித்த மாதிரி இருந்தது.

“அனகாவை நீங்க அழைச்சுண்டு போங்கோ.”

“மூணு மாசம்.”

“தெரியும்.”

“பால்?”

“நிறுத்திடலாம். பதினாலு மாசம் ஆச்சே.”

மடித்த துணிகளைப் பெட்டியில் ஒரு பக்கமாகத் தள்ளி இடம் செய்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து அனகாவின் கவுன்களை எடுத்துவந்து என் மடியில் போட்டார். நீயே எடுத்து வை என்பது போல. நான் எடுத்து வைத்தேன்.

இனி, போகிறவர்களுக்கு. ஒரு நாள் செலவு, பழங்களும் ரயிலும் சேர்த்து, ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள் முடியும். மழைக்காலத்தில் போவதென்றால் ஜூலைக்குள் போங்கள், அதற்குப் பிறகு நாவல்பழம் கிடைக்காது. ஆறு கிளாஸையும் ஒருவரே குடிக்க வேண்டாம், இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். பால் கொடுக்கும் அம்மாக்கள் என்னைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம். பழமா எசென்ஸா என்று பார்க்க வேண்டுமானால், முதல் மடக்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடியுங்கள், பிறகு விரலை எடுங்கள். விரலை எடுத்ததும் என்ன வந்து சேருகிறதோ அதுதான் மணம். அது வரும் உங்களுக்கு. வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வழித்தடம். பீருக்காக வருகிறவர்களுக்கு இது தேவைப்படாது. செம்பூரிலிருந்து கல்யாண் போக, குர்லாவில் மாற வேண்டும். மாலையில் குர்லாவில் ஃபாஸ்ட் வண்டியில் ஏற முடியாது, முயற்சி செய்யாதீர்கள். ஸ்லோவில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு போகலாம். நாத்தனார் வீடு நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஏழு நிமிடம். ஒரு கூடம், ஓர் அறை. அங்கே இருக்கும் ஆட்களுக்கே பாய் விரிக்க இடம் போதாது, அதனால் இரவு தங்க முடியாது. அனகா எட்டு மணிக்குத் தூங்கிவிடுவாள். லேபிள் வேலையை ஐந்துக்கு முடித்து, செம்பூரில் 5:20 வண்டியைப் பிடித்தால் ஒரு மணி நேரம் அவளோடு இருக்கலாம். 5:34-ஐப் பிடித்தால் முக்கால் மணி. அதற்கடுத்த வண்டிகளின் நேரம் எனக்குத் தெரியாது, பார்த்து வைக்கவில்லை. மாதப் பாஸ் எடுத்துவிட்டேன்.